ஏழாம் எண் மீனைத் தேடி கிருஷ்ணா கரைக்கு

இந்தக் கோடையின் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை, மீன் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டு ஷீலா அக்கா ஆற்று மீன்களை ஆராய்பவர். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் அவருடையது; பேச்சில் ‘நக்கோ’ (வேண்டாம்), ‘ஹவ்’ (ஆமாம்) என்று உள்ளூர் உருது கலந்திருக்கும். அவருடைய குழுவினர், அருகிவரும் மஷீர் மீன்கள் சிலவற்றின் வயிற்றுக்குள் ரேடியோ டேக் வைத்துத் தைத்து ஆற்றில் விட்டிருந்தார்கள். கோடையில் அவை எந்த மடுவில் தங்குகின்றன, மறுபடி பெருகுமா என்று பார்க்கத்தான். அவற்றில் இன்னும் சிக்னல் தந்துகொண்டிருந்தது ஏழாம் எண் மட்டும். முட்டையிடும் பருவத்துப் பெண் மீன். அக்காவின் நம்பிக்கை முழுக்க அதன்மேல்தான்.

செகந்திராபாத் திருமுல்கேரியிலிருந்து காலை ஐந்துக்குக் காரில் கிளம்பினோம். நூற்றெண்பது கிலோமீட்டர், நான்கரை மணி நேரம். கடைசிப் பத்து கிலோமீட்டரைச் சாலை என்று சொன்னால் சாலைகள் கோபித்துக்கொள்ளும். கரையில் ஒரே ஒரு கொட்டகைச் சாப்பாட்டுக் கடை. போகும்போதே சொல்லிவிட்டுப் போனால், திரும்பும்போது மீன் புலுசு, அதாவது ஆந்திரப் புளிக்குழம்பு, தயாராக இருக்கும்.

“சின்ன மீன் நக்கோ. முள்ளு எடுக்கத் தெரியாம இவன் அழுவான்,” என்று என்னைக் கிண்டலடித்தபடி, கடைக்கார அம்மாவிடம் தெலுங்கில் பெரிய மீனாகக் கேட்டார் அக்கா.

பரிசல் வாடகை ஐந்நூறு ரூபாய். முதலில் மேல்பக்கப் பாறைகளைச் சுற்றினோம். ஏழாம் எண் தங்கும் மடுவுக்கு வந்தபோது உச்சி வெயில். சிக்னலைப் பிடிக்கும் ரிசீவரில் சத்தமே இல்லை. அக்கா ஆன்டெனாவை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“எங்கயாவது ஆழமா போயிருக்கும்ல அக்கா?” என்றேன்.

“ஹவ், இருக்கலாம்,” என்றார். குரலில் உயிரே இல்லை.

கடைக்குத் திரும்பிச் சாப்பிட்டோம். கை கழுவியதும், போகுமுன் கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று ரிசீவரைப் போட்டார். டக், டக் என்று பலமான சத்தம். “ஏழுதான்டா!” என்று ஆற்றை நோக்கி ஓடினார். ஓட ஓடச் சத்தம் குறைந்தது. திரும்பினார், கூடியது. கொட்டகைக்குப் பின்னால், செதிலும் குடலும் கொட்டியிருந்த குழியருகே போய் நின்றார்.

கடைக்கார அம்மா பயந்துபோய் வந்தார். “மீரே கதா பெத்த சேப்ப காவாலன்னாரு?” நீங்கள்தானே பெரிய மீன் கேட்டீர்கள் என்கிறார். வழக்கமாக அவர் கணவர் கீழ்ப்பக்க ஆழமில்லாத நீரில்தான் வலை வீசுவாராம். பெரிய மீன் மடுவில்தானே கிடைக்கும்?

அக்கா அவரைத் திட்டவில்லை. குடலுக்குள் கிடந்த டேக்கை எடுத்துக் கழுவிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். வீடு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார்.

போகிறவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்ரோலை நகரத்திலேயே நிரப்புங்கள். கடையில் பருப்புச் சாறு நன்றாக இருக்கும். மீன்தான் வேண்டுமென்றால், அன்று இருப்பதைச் சாப்பிடுங்கள், பெரிதாகக் கேட்காதீர்கள்.

அந்தப் புலுசு எப்படி என்றால், அருமை. அக்காவிடம் கேட்டு இரண்டாம் துண்டும் போட்டுக்கொண்டேன்.