மக்கியவை என்ற கட்டம்

இருபத்தாறு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதிவருகிறேன். மழை எத்தனை அங்குலம், கப்பல் எத்தனை நாள் தாமதம், யார் வந்தார், என்ன சொன்னார், எல்லாம் அதில் இருக்கும். அடித்தல் திருத்தல் இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தமானின் வடகோடியில், திக்லிபூர் அரசு நாற்றங்காலில் எழுத்தராக இருந்தபோது ஒரு நாளை மட்டும் நான் முழுதாக எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் ‘படிவம் அனுப்பப்பட்டது’ என்று மட்டும் இருக்கிறது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு மிளகுக் கொடிக்கான கறுப்புப் பாலிதீன் பைகள் வரவில்லை. கப்பல் வந்துவிட்டது, பைகள் மெயின்லேண்டிலேயே தங்கிவிட்டன. வெட்டி வைத்த கொடிகள் வாடிக்கொண்டிருந்தன. நாற்றங்காலுக்குத் தினக்கூலியாக வந்துகொண்டிருந்த ஒரு பெண், ராமநாதபுரத்திலிருந்து கணவரோடு குடியேறியவர், விழுந்து கிடந்த பாக்கு மட்டை ஒன்றை நாலாவில் ஊறப் போட்டார். எங்கள் பக்கம் ஓடையை எல்லோரும் நாலா என்றுதான் சொல்வோம். மறுநாள் அதை மடித்து, தென்னை ஈர்க்கால் குத்தி, ஒரு சாண் உயரத் தொன்னையாக என் மேசைமேல் வைத்தார்.

“இதுல மண்ணப் போட்டுக் கொடிய வைங்க பாபு. அப்பறம் தொன்னையோட குழியில எறக்கிரலாம். பையக் கிழிக்கிற காமே இல்ல, அந்த வேலை மிச்சம்.”

“மக்கிப் போயிடாதா?”

“மக்கணும்ல! அதுக்குத்தான மட்டை. மக்கலேன்னா வேரு எங்கிட்டுப் போகும்? அதுக்கும் ஜெயிலா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது விளையாட்டல்ல. நடவு முடிந்துவிட்டால் மழை மாதங்களில் பெண்களுக்குச் சாலைக்கு ஜல்லி உடைக்கும் வேலை ஒன்றுதான். மட்டை எல்லோர் வீட்டிலும் விழுகிறது, எரிக்கத்தான் செய்கிறோம். அதில் ஒரு வேலை அமைந்தால் ஜல்லியை விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. தமிழ், வங்காளி, தெலுங்கு என்று பன்னிரண்டு வீட்டுப் பெண்களை அவரே சேர்த்திருந்தார்.

போர்ட் பிளேரிலிருந்த மேல் அலுவலகம் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டது. அடுத்த கப்பலில் வந்த பைகளில் நூறு, மட்டைத் தொன்னைகளில் நூறு, அருகருகே வைத்து, இரண்டு மாதம் கழித்துப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். தேறினால் தெற்கே வண்டூர் வரைக்கும் உள்ள நாற்றங்கால்களுக்கெல்லாம் தொன்னை எங்கள் ஊரிலிருந்தே போகும்.

குறித்த நாளில் எண்ணினேன். தொன்னைகளில் எண்பத்தொன்றின் அடிப்பக்கம் மக்கியிருந்தது. அந்த எண்பத்தொன்றிலும் வேர் வெள்ளையாக வெளியே வந்திருந்தது. இலைகள் கரும்பச்சை. பைகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. ஆனால் மழைநீர் வடியாமல் தேங்கி, உள்ளே பாதிக்கு மேற்பட்ட கொடிகள் அழுகியிருந்தன.

படிவம் பைக்கென்றே அச்சடித்தது. கிழிந்தவை, ஒழுகியவை, மக்கியவை, மீண்டும் பயன்படக்கூடியவை என்று நான்கு கட்டங்கள். செடி பிழைத்ததா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. நான் கேட்டதற்குக் கேட்டபடி நிரப்பினேன். தொன்னைக்கு எதிரே மக்கியவை எண்பத்தொன்று. பைக்கு எதிரே சைபர். கீழே கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டேன். அப்போதுதான் மொத்தமாக ஒருமுறை பார்த்தேன். தொன்னை தோற்றுப்போயிருந்தது.

மணி பதினொன்று. போர்ட் பிளேர் படகு இரண்டு மணிக்கு. மேசை இழுப்பறையில் வெற்றுப் படிவங்கள் இருந்தன. ஆனால் கார்பன் வைத்து மூன்று படி எழுதியாகிவிட்டது, ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தால் அசிங்கமாக இருக்கும். எழுதியதில் எதுவும் பொய்யில்லையே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உறையை ஒட்டி அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. மக்குவதால் ஏற்கத்தக்கதல்ல. அன்று அந்தப் பெண் ஐந்தாறு பேரோடு தலையில் மட்டைக் கட்டுகளைச் சுமந்து வந்திருந்தார்.

“என்ன பாபு, நாங்க பாஸா ஃபெயிலா?”

“ஃபெயில்.”

“எதுல?”

“மக்கிடுச்சாம்.”

பின்னால் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அடியே, சோறு வெந்துபோச்சுன்னு ஃபெயில் போட்டுட்டாங்கடி!” என்றாள் ஒருத்தி. அவர் மட்டும் கட்டை இறக்காமல் நின்றார்.

“யாரு பாபு அப்படி எழுதுனது?”

“போர்ட் பிளேர்ல” என்றேன்.

வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் கட்டை இறக்கிக் கீழே வைத்தார்.

“அவங்க செடியப் பாக்கல. நீங்க பாத்தீங்கள்ல? அத ஒரு காயிதத்துல எழுதிப் போடுங்க. ஜல்தி ஒண்ணுமில்ல, அடுத்த கப்பலுக்குப் போனாப் போதும்.”

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. எழுதினால், இதை ஏன் முதலிலேயே குறிப்பிடவில்லை என்று கேட்பார்கள். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது அதே அலுவலகத்தில் இருந்தது. பிறகு இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் கப்பலைச் சாக்காகச் சொன்னேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. நாற்றங்காலுக்கும் வரவில்லை. மட்டைகளை ஆளுக்கு ஆள் அடுப்பெரிக்க எடுத்துப் போனார்கள். பைகள் ஒழுங்காக வரத் தொடங்கின. நட்ட இடமெல்லாம் கிழித்துப் போட்ட கறுப்புத் துண்டுகள் மழையில் நாலாவுக்குப் போயின.

நான்கு ஆண்டுகள் கழித்து, உயர்வோடு மாற்றலாகிப் புறப்படும் வாரத்தில், அவரைத் தேடிப் போனேன். புதுச் சாலையோரம் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். விரல்களில் சைக்கிள் ட்யூப்பை வெட்டிச் சுற்றியிருந்தார். நான் வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றுதான் வந்தது.

“அந்தப் படிவத்தை நிரப்பினது நான்தான்.”

“தெரியும் பாபு” என்றார், சுத்தியலை நிறுத்தாமல்.

“எப்போதிலிருந்து?”

“அன்னிக்கே. எண்ணுனது நீங்கதான? அதனாலதான உங்களையே எழுதச் சொன்னேன். வேற யாருகிட்டயாவது கேட்டிருந்தா உங்களுக்கில்ல மானம் போயிருக்கும்?”

அவர் அடுத்த கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்து, பாறைமேல் நிறுத்தினார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கண்ணுல கிண்ணுல தெறிச்சிரப் போகுது.”

தள்ளி நின்றேன்.