சுவரொட்டியில் சிரித்த சுடலைமுத்து

சுடலைமுத்து அண்ணாச்சி இறந்த செய்தி எங்கள் இதயநோய் விழிப்புணர்வுக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. ‘இதய நோயை வென்ற மாவீரருக்கு அஞ்சலி’ என்று தலைவர் எழுதியிருந்தார். இதய நோயால் இறந்தவரைப் பற்றிய வாசகம் அது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவர் எந்த ஊரில், என்ன வேலையில் இருந்தபோது இறந்தார் என்று அங்கே என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் கேட்கவும் இல்லை.

பழவங்காடி ஹோட்டலில் அவர் போட்ட பரோட்டாவைத் தின்றவர்களுக்கு அவரைத் தெரியும். தென்காசிப் பக்கத்துக்காரர். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, இரண்டே மாதத்தில் மறுபடி கல்லுக்கு முன்னால் நின்றவர். ஹோட்டலில் மஞ்சள்காமாலை என்று சொல்லியிருந்தார்; உண்மை, அங்கே தினமும் சாப்பிடப் போகிற எனக்கு மட்டும் தெரியும். குழுவின் தமிழ் அறிவிப்புகளை எழுதுவது பக்கத்து ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் தமிழனான என் பொறுப்பு. இதய நாளுக்குச் சுவரொட்டி போட ‘சாதாரணத் தொழிலாளி ஒருவர்’ வேண்டும் என்றார்கள். நான்தான் அவரைக் கூட்டிப் போனேன். கட்லெட்டும் வடையும் தின்றுகொண்டே எண்ணெய்ப் பலகாரத்தின் கேடுகளை விவாதித்துக் கொண்டிருந்த கனவான்கள், அவர் கையில் சிவப்பு அட்டை இதயம் ஒன்றைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள்.

“ஆஸ்பத்திரிக்குள்ள மட்டுந்தான ஒட்டுவாங்க சார்?” என்று என்னிடம் கேட்டார். யாரிடமும் விசாரிக்காமலே “ஆமாம்” என்றேன். ‘நான் இதய நோயாளி. நான் வாழ்கிறேன்.’ அந்த வாசகம் என்னுடையது. எழுதியபோது பெருமையாகக்கூட இருந்தது.

ஹோட்டல் இருக்கும் கிழக்கேகோட்டை முழுக்க ஒட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஹோட்டல் முதலாளி கூப்பிட்டுச் சொன்னாராம்: “சுடலே, நாளைக்கு நீ அடுப்பு முன்னால விழுந்தா பழி எனக்கல்லே? ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு.”

குழுத் தலைவரிடம் போய் நின்றோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா, எவ்வளவு ரீச் ஆயிருக்கு!”

“வேலை போச்சு சார்” என்றார் அண்ணாச்சி.

“டென்ஷன் ஆகாதீங்க. இதயத்துக்கு நல்லதில்லை. தினம் நடங்க.”

“நடக்கத்தான் சார் போறேன், வேற வேலை தேடி” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வெளியேறினார். அந்த அறையில் அன்று அறிவோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

சுவரொட்டி எட்டாத மலையோர ஊரான வித்துராவில் ஒரு சாயாக்கடையில் சேர்ந்தார். நோயை மறைத்துத்தான் சேர்ந்தார். மாத்திரைகளைப் பவுடர் டப்பாவில் ஒளித்து வைத்தார். மைதா மூட்டை தூக்கினார். நான் பார்க்கப் போனபோது பதறிப்போய், “இங்க யார்ட்டயும் சொல்லிராதீங்க சார். மூச்சு வாங்குனா கக்கூஸுக்குள்ள போயி ரெண்டு நிமிசம் நின்னுக்கிடுதேன்” என்றார். எங்கள் விழிப்புணர்வு அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அது.

ஒருநாள் காலை கூட வேலை செய்த ரவிக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. இடது கை வலிக்கிறது என்றிருக்கிறான். எல்லோரும் கேஸ் என்று சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அண்ணாச்சி அடுப்பை அணைத்துவிட்டு, “இது கேஸ் இல்ல, நெஞ்சு. ஜீப்பைக் கூப்பிடுங்க” என்று கத்தியிருக்கிறார். அவரே மெடிக்கல் காலேஜ் வரை உடன் போனார். ரவி பிழைத்தான்.

திரும்பி வந்ததும் கடைக்காரர் பாப்பச்சன், “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அண்ணாச்சி பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் கொட்டினார். இந்த வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தாராம். பாப்பச்சன் மாத்திரைகளை மறுபடி டப்பாவில் அள்ளிப் போட்டுவிட்டு, “இனி நீ மைதா சாக்கு தூக்கண்டா. கல்லாவில இரி” என்றார். அவ்வளவுதான். பாப்பச்சன் எங்கள் கருத்தரங்கு ஒன்றுக்கும் வந்தவரில்லை.

அந்த நாற்காலியில் அண்ணாச்சி ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தார். மனைவியை ஊரிலிருந்து அழைத்துக்கொண்டார். கடைக்கு வருகிற தோட்டத் தொழிலாளர்களிடம், நெஞ்சை அடைத்தால் சோடா குடித்துக்கொண்டு நிற்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன வாரம் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பும்போது, இரண்டாவது மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கடைசியாகப் பார்த்தபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன். “அது கெடக்கு சார். இனிமே ஒருத்தன் படத்த ஒட்டுததுக்கு முன்ன, மறுநா அவன் எங்க வேலைக்குப் போவான்னு கேட்டுட்டு ஒட்டுங்க” என்றார்.

நேற்று குழு கூடியது. ஒரு நிமிட மௌனம், பிறகு பஜ்ஜி. இந்த வருடச் சுவரொட்டிக்கு ஒரு பெண்ணின் படத்தை என்னிடம் நீட்டி வாசகம் கேட்டார்கள். நாலு வீடுகளில் சமையல் செய்கிறவராம். அண்ணாச்சியின் கேள்வியை அப்படியே கேட்டேன்.

“அது நம்ம சப்ஜெக்ட் இல்லையே” என்றார் தலைவர்.

எழுந்து வந்துவிட்டேன். அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். நாளைக் காலை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறேன். படம் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.