எவர்சில்வர் தட்டோடு வந்தால் சோறு கிடையாதாம்

சென்ற பௌர்ணமி சனிக்கிழமையில் வந்தது. அன்று நான் திருவண்ணாமலைக்குப் போனது கிரிவலத்துக்காக அல்ல. அடி அண்ணாமலையில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் தங்கை மாலதி, தன் வகுப்புப் பிள்ளைகளை வந்து பார்க்கச் சொல்லியிருந்தாள். வேலூரில் காலை ஆறரைக்குப் பேருந்து. 82 கிலோமீட்டர், டிக்கெட் எழுபது ரூபாய். ஒன்பது மணிக்கு இறங்கினேன். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் ஆட்டோவை விடவில்லை. ஏழு கிலோமீட்டர் நடந்தேன், வெறும் காபியோடு.

மாலதி நடத்துவது இரண்டாம் வகுப்பு. இரண்டு மாதம் முன்பு பிள்ளைகள் பள்ளித் தோட்டத்தில் இரண்டு குழி தோண்டி, ஒன்றில் மந்தார இலைத் தட்டையும் மற்றதில் அன்னதானத்தில் கொடுத்த, பிளாஸ்டிக் பூசிய பளபளப்புக் காகிதத் தட்டையும் புதைத்திருக்கிறார்கள். போன வாரம் தோண்டிப் பார்த்தால் இலை மண்ணோடு மண்ணாகியிருந்தது. மற்றதில் உபயதாரர் பெயர்கூட அழியவில்லை. இனி வீட்டுத் தட்டோடுதான் சாப்பிடப் போவது என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள்.

வகுப்பின் பதினொரு பேரும் எவர்சில்வர் தட்டும் கையுமாக ஓர் அன்னதானப் பந்தலில் நின்றார்கள். முதலில் கௌசல்யா என்ற பெண், அடுத்து நான்.

"தட்டெல்லாம் வேணாம் பாப்பா. பார்சல் கிடையாது" என்றார் பரிமாறியவர்.

"வீட்டுக்கு இல்லண்ணா, இங்கயே சாப்புட்றோம். அந்தத் தட்டு மக்காதுண்ணா."

மாலதி விளக்கிச் சொன்னாள். புண்ணியத்துக்குப் போடுகிறோம், பாடம் நடத்துவதென்றால் பள்ளிக்கூடத்தில் போய் நடத்துங்கள் என்று அவர் சொல்லிவிட்டு, கௌசல்யாவின் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கரண்டி சாம்பார் சாதத்தை ஏழு வயதுப் பிள்ளையின் தட்டில் போட்டால் என்ன குறைந்துவிடும்? பந்தலுக்குப் பின்னால் இருந்த கால்வாய் முழுக்க அதே தட்டுகள்தான். நாளைக்கு இதே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையுறை மாட்டி, அவற்றைப் பொறுக்க வைத்துப் படம் எடுப்பார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

பசி தாங்காமல் மற்ற பிள்ளைகள் அவர் கொடுத்த தட்டிலேயே வாங்கிக்கொண்டார்கள். கௌசல்யா வாங்கவில்லை. "மிஸ், நம்ம செஞ்சது தப்பா?" என்று கேட்டாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முழுச் சுற்று 14 கிலோமீட்டர். காலை ஐந்துக்கே கிளம்பிவிட்டால் வெயிலுக்குத் தப்பலாம். தண்ணீர் பாட்டில், தம்ளர், தட்டு மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். தட்டில் போட மாட்டோம் என்றால் நகராமல் நின்று கேளுங்கள். பெரியவர்கள் நாலு பேர் கேட்டால் போடத்தான் வேண்டும்.

நான் கேட்கவில்லை. கௌசல்யாவை ஒதுக்கிவிட்டு அவர் என்னிடம் நீட்டிய தட்டை வாங்கி, அங்கேயே நின்று சாப்பிட்டேன். அவள் காலித் தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.