பரீதா ராத்தா அளந்து வைத்த அரிசி

முப்பதாம் நோன்பைத் திறந்து கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்திருந்தேன். போன் அடித்தது. லெட்சுமி. பரீதா ராத்தாவின் தையல் கடையில் பொத்தான் கட்டும் பெண். "சேர், பரீதாக்கா போயிட்டாங்க. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் சாப்பிட்டாங்க, தண்ணி குடிச்சாங்க, அப்புடியே செவுத்துல சாஞ்சுட்டாங்க."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் படம் வந்துவிட்டது. பள்ளிவாசல் முற்றத்தில், பேனருக்கு முன்னால், ராத்தா ஓர் அரிசிப் பையை வாங்குகிறார். பையின் மறுமுனையில் தலைவர் ஹாஜியாரின் கையும் கடிகாரமும். கீழே, "எமது பள்ளியால் பராமரிக்கப்பட்ட சகோதரி காலமானார்." போட்டவர் ஹாஜியாரேதான். இன்னா லில்லாஹி என்று அடுக்கடுக்காக இரங்கல் பதில்கள். ஒருவருக்காவது அந்தப் படம் உறுத்தவில்லை. ராத்தாவிடம் பிள்ளைகளின் ஸ்கூல் உடுப்பைத் தைத்து வாங்கிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்தப் படம் எடுக்கப்பட்ட நாளில் நானும் அங்கே நின்றேன். அப்போது நான் பள்ளிவாசல் கமிட்டியின் செயலாளர். பெருநாளுக்கு முந்திய நாள், நோன்பு முடிவில் ஏழைகளுக்குக் கடமையாகக் கொடுக்கும் பித்ரா அரிசியைக் கொடுக்கிறோம். ராத்தா முந்தானையால் முகத்தை மூடினார். "முகத்தக் காட்டுங்க, கொழும்புல இருந்து அரிசி அனுப்பினவருக்கு ஆதாரம் காட்டணும்" என்றார் ஹாஜியார். ராத்தா கேட்டார்: "அவர் அல்லாஹ்வுக்காகத்தானே அனுப்பினார்? அல்லாஹ்வுக்கு என்ட மூஞ்சி தெரியாதா?" வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ராத்தாவும் சிரித்ததில் முந்தானை நழுவிய நொடியில் படத்தை எடுத்துவிட்டார்கள். அழிக்கச் சொல்லி அவர் இரண்டு தடவை கேட்டது என் காதில் விழுந்தது. நான் பைகளை அடுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா திரும்பி வந்தார். கையில் சின்னத் துணிப்பை. ஸ்கூல் உடுப்பு வெட்டிய வெள்ளைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. அதில் அவருடைய பித்ரா. பெருநாள் ஒரு பொழுதுக்கு மேல் வீட்டில் சாப்பாடு இருந்தால், வாங்கினவரும் தன் பங்குக்குக் கொடுத்தாக வேண்டும். சிறுவயதில் ஓதப் போன எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. இரு கையும் சேர்த்து நாலு தடவை அள்ளினால் ஓர் ஆளின் அளவு. ராத்தா ஐந்து தடவை அள்ளுவார். கேட்டால், "என்ட கை சின்னக் கை, தம்பி. அளவுல குறைஞ்சிரக் கூடாது" என்பார்.

"தந்ததத் திருப்பித் தாறீங்களா?" என்று ஹாஜியார் கேலி பண்ணினார். ராத்தா பையை மேசையில் வைத்தார். "வாங்கினது என்ட கஷ்டத்துக்கு. குடுக்கிறது என்ட நோன்புக்கு. ரெண்டையும் கலக்காதீங்க."

அடுத்த வருஷம், அதுதான் போன வருஷம், நோன்பு தொடங்குமுன் மாச அரிசிக்கும் பித்ராவுக்கும் சேர்த்துப் பட்டியல் போட உட்கார்ந்தோம். ராத்தாவின் பெயர் வந்ததும் ஹாஜியார் சொன்னார்: "குடுக்க வசதியிருக்கிறவங்களுக்கு எதுக்கு? வெட்டுங்க." வெட்டியது யார்? நான். முப்பது வருஷம் பாடம் நடத்திய வாய் அன்று திறக்கவில்லை. ஹாஜியாரின் கடை முதல் மாடியில்தான் என் மகன் டியூஷன் கிளாஸ் நடத்துகிறான். அந்தப் பயம். வேறொன்றுமில்லை.

கண் மங்கி, தையல் பாதியாகக் குறைந்துபோன வருஷம் அது. தோட்டத்து லயத்துப் பெண்கள் கொண்டுவரும் கிழிந்த உடுப்புகளை ஒட்டித்தான் ராத்தாவின் பிழைப்பு. பெருநாள் காலையில் அதே வெள்ளைப் பையோடு பள்ளி வாசலுக்கு வந்தார். உள்ளே ஐந்து அள்ளு அரிசி. "தம்பி, என்ட பேர வெட்டினது நீங்களாமே" என்றார். நான் வாசலில் கிடந்த செருப்புகளை அடுக்கக் குனிந்தேன். அவர் பையை நீட்டினார். "சரி, விடுங்க. இதப் புடிங்க, தொழுகைக்கு நேரமாகுது."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அது வீரம் ஒன்றுமில்லை. அதற்குள் அந்த மனுஷி ஒரு நோன்பு மாசம் முழுவதும் விடியுமுன் சாப்பிடும் ஸஹரை வெறும் பிளேன்டீயில் முடித்திருந்தார்.

இந்த வருஷமும் யாரும் அவர் பெயரைத் திருப்பி எழுதவில்லை. நான் அவ்வப்போது ஏதாவது கொண்டுபோனேன். பாதியை லெட்சுமிக்குக் கொடுத்துவிடுவார்.

மையித்து வீட்டு வாசலில் லெட்சுமி அந்தப் பையை என்னிடம் நீட்டினாள். "அக்கா காலையிலேயே அளந்து வச்சுட்டாங்க, சேர். நாளைக்குத் தொழுகைக்கு முன்னாடி போய்ச் சேந்துறணும்னு சொன்னாங்க." வீட்டில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். "ரெண்டு சுண்டு இருக்கும், ரெண்டு நாளைக்கு வரும்" என்றாள்.

பெருநாள் காலை பையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "மௌத்தானவங்களுக்கு என்ன பித்ரா?" என்றார் ஹாஜியார். முழுப் பள்ளிக்கும் கேட்கக் கத்தினேன்: "மஃரிப் பாங்குக்குப் பிறகுதான் மௌத்தானாங்க. நோன்ப முடிச்சிட்டுத்தான் போனாங்க. அவங்களுக்கும் கடமைதான். வாங்குங்க!" ஸப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஜியார் வாங்கினார். தொழுகை முடிந்து ராத்தாவை அடக்கினோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழும்ப வேண்டிய குரல் அது. பிந்தி வந்த அந்தக் கோபத்தை இனி ஆறவிட மாட்டேன். அரிசியை வாங்க வந்த ஒரு வீட்டாரின் பையில் கொட்டிவிட்டு வெறும் பையை நான் எடுத்துக்கொண்டேன். என் கை பெரிய கை. ஆனாலும் இனி ஐந்து தடவைதான் அள்ளுவேன்.

உங்கள் போனில் அந்தப் படம் இருந்தால் அழித்துவிடுங்கள். ராத்தா கேட்டது அது ஒன்றைத்தான்.

அவருடைய கடைசி அரிசி அன்று எந்த வீட்டு அடுப்பில் வெந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.