காவலரணில் ஓடிய இரத்தக்காட்டேரிப் படம்

இன்று ஓர் இரத்தக்காட்டேரியால் காவலரணில் முக்கால் மணி நேரம் இருக்க நேர்ந்தது.

கடையில் வாடகைக்கு எடுத்த காதல் படம். சீடியின் மட்டை உறையில் காட்டேரி மாப்பிள்ளை மணப்பெண்ணின் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த வயதில், லிங்கநகரில் இருக்கும் வீடு வரை நடப்பதா? மட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டு, சீடியை மட்டும் வெள்ளைத் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன்.

பெயரில்லாத சீடி இந்தப் போர் நாட்களில் எப்படித் தோன்றும் என்பது, வழியில் காவலரணில் பையைச் சோதித்த சிப்பாய் அதை வெளியே எடுத்தபோதுதான் புரிந்தது.

"அம்மா, இதில யார் பேசுறது?"

"காதல் படம், மகன். மாப்பிள்ளை மட்டும் ரத்தம் குடிக்கிறவர்."

அவர் சிரிக்கவில்லை. என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, சீடியை உள்ளே இருந்த டிவியில் போடக் கொடுத்தார். எனக்கு உட்கார ஒரு கதிரை தந்தார்கள். கடைக்காரர் தவறுதலாகப் போராளிகளின் பேச்சு எதையாவது தந்திருந்தால்?

உள்ளே ஒரு பெண்ணின் அலறல். அதன்பின் நாலைந்து சிப்பாய்களின் சிரிப்பு.

அட்டை திரும்பி வந்தது, சீடி வரவில்லை.

"நாங்க முழுக்கப் பாத்துட்டு தாறது, அம்மா. நாளைக்கு வாங்க."

அங்கே போய்ப் படம் கேட்க எனக்குத் துணிவில்லை. கடைசியில் அவளைக் கட்டினானா, கடித்தானா? பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.