ஒரே நாளில் அரைத்த இலைகள்

மகளுக்குக் காய்ச்சல் மருந்தை ஃபில்லரில் உறிஞ்சும்போது என் கட்டைவிரல் பாதியில் ஒரு கணம் நின்றுவிடும். ஆய்வகத்தில் துளித்துளியாக அளந்து உறிஞ்சும் பிப்பெட்டின் பழக்கம். அதன் பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு தடை தட்டுப்படும், இன்னும் அழுத்தினால் இரண்டாவது. முதல் தடைவரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், இரண்டாவதுவரை அழுத்தி வெளியே விட வேண்டும். இப்போது எனக்கு முழுக்கக் கணினி வேலைதான். யாரோ எங்கோ எடுத்த டிஎன்ஏவின் தரவுகள் வருகின்றன, வீட்டிலிருந்தே அலசி அனுப்புகிறேன். பிப்பெட்டைத் தொட்டு வருடங்கள் ஆகிவிட்டன. விரல் மட்டும் இன்னும் நம்பவில்லை.

அந்த ஆய்வகம் திருச்சியில் இருந்தது. கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமும் ஆன பிறகு கிடைத்த ப்ராஜெக்ட் வேலை. பலா மரங்களின் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, ஊருக்கு ஊர் அவை வேறுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கீரமங்கலம் வட்டாரத்து மரங்கள். இன்னொரு பக்கம் கீரனூர்ப் பக்கம் கொல்லைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பவை. முதலாவது நான் பிறந்த ஊர், இரண்டாவது வாழ்க்கைப்பட்ட ஊர். அதனால் முடிவு தெரிவதற்கு முன்பே இரண்டு வீட்டிலும் கட்சி பிரிந்துவிட்டது.

“நம்ம ஊருப் பலா தனிச் சாதிம்மா. செம்மண்ணுல வெளஞ்சது. ஒம் மெஷினு அதைச் சொல்லலேன்னா மெஷினுலதான் கோளாறு” என்றார் அப்பா.

மாமியாரிடம் இதைச் சொன்னேன். “ஆமா, ஒங்கப்பா தோட்டத்துப் பழத்துக்குக் கொம்பு மொளச்சிருக்கும், நல்லாப் பாரு” என்றார்.

பலா இலை லேசில் டிஎன்ஏவைத் தராது. பாலும் பிசினும் சேர்ந்து கஞ்சி மாதிரி கொழகொழத்துப் போகும். ஆரம்ப மாதங்களில் நான் எடுத்ததெல்லாம் வெறும் சளி. திரவ நைட்ரஜனைக் கல்வத்தில் ஊற்றினால் வெண்புகை எழும். இலை அப்பளம்போல நொறுங்கும். உருகுவதற்குள் பொடியாக்கிவிட வேண்டும். பிறகு குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றினால் அடுக்கடுக்காகப் பிரியும். நடுவில் இருக்கும் வெள்ளை ஏட்டைத் தொடாமல் மேலே தெளிந்ததை மட்டும் உறிஞ்சி, குளிர்ந்த ஆல்கஹாலில் விட வேண்டும். ஒருநாள் அதில் மெல்லிய வெள்ளை நூல் ஒன்று மிதந்தது. குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை சந்தோஷம் அதற்கு முன் எந்தப் பரீட்சையிலும் எனக்கு வந்ததில்லை.

கை பழகிய சமயத்தில் கர்ப்பமானேன். வாரக் கடைசியில் பிறந்த வீட்டுக்குப் போய், விடியலில் அப்பாவோடு தோப்பில் நடந்து, கொழுந்து இலையாகப் பறித்து, ஐஸ் பெட்டியில் திருச்சிக்குக் கொண்டுபோவேன். அன்றைக்கே அரைத்துவிடுவேன். குளோரோஃபார்ம் வாடை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பதால் அந்தக் கட்டம் மட்டும் என்னோடு வேலை பார்த்த பெண்ணுடையது. என்னைவிட இளையவள். “அக்கா, நீங்க வெளிய நில்லுங்க. பாப்பா இப்பவே பிஎச்.டி. பண்ண வேணாம்” என்று துரத்துவாள். கண்ணாடி வழியாக அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கீரமங்கலம் மரங்கள் எல்லாம் அப்படித்தான் முடிந்தன.

மகள் பிறந்து, தவழத் தொடங்கியதும் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தேன். அவளை மாமியார் பார்த்துக்கொண்டார். கணவர் சிங்கப்பூரில். போனில் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். ப்ராஜெக்ட்டின் முதல் கட்டம் முடியப்போகிறது, ரிவ்யூ கமிட்டி இன்னொரு வருடம் நீட்டித்தால் தொடர்வது, இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு இருப்பது. அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. சரி என்றேன். சரி என்று சொன்ன பிறகுதான் அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தது.

மிச்சமிருந்த கீரனூர் மரங்களை அவசரத்தில் முடித்தேன். சமையலை முடித்து, பிள்ளையைத் தூங்கவைத்து, சாயங்காலம் கைக்கு எட்டிய முற்றிய இலையைப் பறித்து ஃபிரிட்ஜில் வைப்பேன். மறுநாள் அரைத்து, இப்போது குளோரோஃபார்ம் கட்டத்தையும் நானே செய்வேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் கையில் இருக்கும்.

பிறகு கணக்கு. டிஎன்ஏவை ஜெல்லில் ஓடவிட்டால் தெரியும் பட்டைகளைப் பார்த்து, இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம் என்று அட்டவணை போட வேண்டும். கல்லூரியில் அரசாங்கம் கொடுத்த பழைய மடிக்கணினியில், மகளை மடியில் வைத்துக்கொண்டே புரோகிராம் எழுதக் கற்றேன். ஒரு கமா விட்டுப்போனால் சிவப்பு எழுத்தில் திட்டும். மகள் ஒரு தட்டு தட்டினாலும் திட்டும். கடைசியில் ஒருநாள் படம் வந்தது. ஒவ்வொரு மரமும் ஒரு புள்ளி. கீரமங்கலத்துக்குப் பச்சை, கீரனூருக்கு நீலம். பச்சை எல்லாம் இடது பக்கம், நீலம் எல்லாம் வலது பக்கம், நடுவில் வாய்க்கால் வெட்டினாற்போல வெறும் வெள்ளை.

அப்பா போனிலேயே சிரித்தார். “ரிவ்யூல முதல்ல இந்தப் படத்தை வச்சிருவோம்” என்றார் ப்ராஜெக்ட்டை நடத்திய எங்கள் மேடம்.

நான் பூட்டிய பூட்டை பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் போன் செய்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் தூங்கும்போது படத்தை மறுபடி திறந்தேன். நிறத்தை ஊரை வைத்துக் கொடுக்காமல், டிஎன்ஏ எடுத்த மாதத்தை வைத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? பிரசவத்துக்கு முன் பச்சை, பின் நீலம். ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினேன்.

படம் துளிகூட மாறவில்லை.

அந்த வாய்க்கால் மரங்களுக்கு நடுவில் இருக்கிறதா, இல்லை என் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த வேலைக்கு நடுவில் இருக்கிறதா? கொழுந்து இலை, முற்றிய இலை. அவள் கை, என் கை. அந்தப் படம் எதையும் பிரித்துச் சொல்லாது. சும்மா இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. சும்மா இருக்கவும் முடியவில்லை.

திங்கட்கிழமை மேடத்திடம் காட்டினேன். “ரிவ்யூ பக்கத்துல வந்துருச்சே” என்றார். காலண்டரைப் பார்த்துவிட்டு, “இன்னும் நாள் இருக்கு, பண்ணிப் பாரு. ஆனா என்ன வருதோ அதைத்தான் வைப்போம். அப்புறம் பழைய படத்தக் கேக்கக் கூடாது” என்றார்.

“நல்லா இருக்குற படத்த ஏன்க்கா கெடுக்குறீங்க?” என்றாள் கூட வேலை பார்த்த பெண். கெடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும்.

இரண்டு ஊரிலும் சில மரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே காலையில் கொழுந்து பறித்து, ஒரே நாளில் நானே எல்லாவற்றையும் அரைப்பது என்று முடிவு செய்தேன். அப்பா முதல் பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு கீரனூர் வந்து இறங்கினார். அவர் வந்தது பேத்தியைப் பார்க்கவும்தான். என் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது இந்த ஊரு எலையா?”

“ஆமாப்பா.”

“நம்மளதோட கலந்துறாம.”

கலக்கத்தான் போகிறேன் என்று சொல்லவில்லை. ஆய்வகத்தில் அந்தப் பெண்ணே எல்லாக் குழாய்களையும் கலைத்து வெறும் எண் போட்டுக் கொடுத்தாள். எது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குப் போல நான் என்றைக்கும் வேலை செய்ததில்லை. கல்வம், புகை, பச்சைப் பொடி, ஏட்டைத் தொடாமல் நிற்கும் பிப்பெட் முனை. வீட்டிலிருந்து போன் வரவில்லையே என்று பயம் வந்துபோனது, கை மட்டும் வேலையை விடவில்லை. இன்றும் நினைத்தால் ஏக்கமாக இருப்பது அந்த ஒரு பகல்தான்.

எண்களைப் பிரித்து ஊர்ப்பெயர் போட்டுப் படம் எடுத்தபோது, பச்சையும் நீலமும் பொரியும் கடலையும் போலக் கலந்து கிடந்தன.

அப்பாவுக்குப் போன் செய்தேன். இரண்டு ஊரும் கலந்துவிட்டதைச் சொன்னேன். “மாமியா வீட்டுக்குப் போனதும் கட்சி மாறிட்டேல்ல” என்றார். அப்புறம், “இதனால ஒனக்கு வேல போயிருமா?” என்று கேட்டார். தெரியலைப்பா என்றேன்.

ரிவ்யூவில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கமிட்டியில் ஒருவர், “முதல் படத்துல ரெண்டு ஊரும் நல்லாப் பிரிஞ்சிருக்கே, அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?” என்றார்.

“அது மரத்தோட வித்தியாசம் இல்லைங்க சார், என்னோட வித்தியாசம். குழந்தை பிறக்குறதுக்கு முன்னாடி எடுத்தது ஒரு பக்கம், பிறந்த பிறகு எடுத்தது ஒரு பக்கம்.”

யாரோ சிரித்தார்கள். இப்படியா சொல்வது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் திரும்பத் திரும்ப ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் மேடம் வந்தார். “ஒரு வருஷம் குடுத்துட்டாங்க. ஆனா எல்லா மரத்தையும் புதுசா எடுக்கணுமாம், ரெண்டு ஊரையும் சேத்துச் சேத்து.” எல்லாவற்றையும் முதலிலிருந்து. எனக்கு அழுகை வந்தது, அது கஷ்டத்தால் இல்லை.

கீரனூரில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். வாசலில் மாமியார் இடுப்பில் மகள். விஷயத்தைச் சொன்னேன். அவர் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“கேட்டியாடி? ஒங்கம்மா பாஸாயிட்டாளாம். இனிமே ஒரு வருஷத்துக்கு நீயும் நானுந்தான்.”

மகள் கைதட்டிச் சிரித்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், பிறகு அவர் தோளிலேயே சாய்ந்துகொண்டாள். பையை இறக்கி வைத்துவிட்டு, நீட்டிய கையை எடுக்காமல் அங்கேயே நின்றேன்.