பிடுங்கிய பல்லின் வலி

என் அக்கா புருஷன் டவர் கிரேன் ஓட்டுகிறவர். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கட்டடத்தைவிட உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். கீழே நின்று வாக்கி டாக்கியில் அவருக்கு வழி சொல்கிறவன் நான்.

அவருடைய அப்பா ஐம்பதைத் தொடவில்லை. அண்ணன் நாற்பத்தெட்டில் போனார். கேட்டால், "அப்பாவுக்கு வாயு, அண்ணனுக்கு அஜீரணம்" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அந்தக் குடும்பமே கெட்டி.

அத்தானுக்கு இப்போது நாற்பத்தேழு. கொஞ்ச நாளாக ஏணி ஏறும்போதெல்லாம் இடது தாடை வலிக்கிறது. மேலே போய் உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. ஏணி ஏறினால் மட்டும் வலிக்கிற பல் உலகத்தில் எங்காவது உண்டா? அக்கா தலைதலையாய் அடித்துக்கொண்டாள்.

"பிரஷர் இருக்கு, சிகரெட்டையும் விடல. உங்க வீட்டு ஆம்பளைங்க போன வயசு வேற வந்துருச்சு. ஒரு தடவை நெஞ்சைக் காட்டிட்டு வாங்களேன், உங்க கால்ல வேணா விழுறேன்."

"நெஞ்சுன்னு சொன்னா கம்பெனிக்காரன் கூண்டுல ஏத்த மாட்டான். அப்புறம் வீட்ல உக்காந்து உன் மூஞ்சியவா பாத்துக்கிட்டு இருக்கிறது?"

பல் டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, பல் கல்லுமாதிரி இருக்கிறது, போய் இதயத்தைக் காட்டுங்கள் என்றார். இவர் வேறொரு டாக்டரைத் தேடிப் பிடித்து, சண்டை போட்டு, அந்த நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "சனியன் ஒழிஞ்சுது" என்று வீங்கிய கன்னத்தோடு சிரித்தார். எனக்கு ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது.

கன்ன வீக்கம் வற்றியதும் இன்று காலை வேலைக்கு வந்தார். நடு ஏணியில் நின்றார். மறுபடி ஏறினார். இரும்புக் கம்பிக் கட்டு பாதி உயரத்தில் தொங்கும்போது வாக்கி டாக்கியில் குரல் வந்தது.

"மாப்ள... பல்லு இருந்த இடத்துல வலிக்குது. கையிலயும் இறங்குது."

"அத்தான், எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு சாஞ்சு உக்காருங்க!"

"சரக்கு தொங்குதுடா. கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

ஆட்களை விலகச் சொல்லிக் கத்தினேன். கட்டு மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தது. அந்த நிலைமையிலும் ஒரு கம்பிகூடச் சரியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் அந்தக் குறுகல் ஏணியில் ஸ்ட்ரெச்சர் ஏறாது, இறங்காது. வாக்கி டாக்கியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நான் ஏறத் தொடங்கினேன். அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

"அத்தான், பேசிக்கிட்டே இருங்க. நான் வந்துக்கிட்டு இருக்கேன்."

சட்டைக்குள்ளிருந்து மூச்சிரைப்போடு குரல் வந்தது.

"மாப்ள... எங்க அண்ணனும் அன்னைக்குத் தாடையைத்தான் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தான். பல்வலின்னு நான்தான் கிராம்பு வாங்கிக் குடுத்தேன்."